ஒரு பெயரும் அது மறைத்த பணியும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நெடுங்காலமாக நிலக்கடலையே முதன்மைப் பயிர். கோடையில் புல் கருகியதும் ஆடுமாடுகள் காய்ந்த கடலைக்கொடி, வைக்கோல், பிண்ணாக்கு ஆகியவற்றை நம்பி வாழ்கின்றன. பசும்புல்லில் நிறைந்துள்ள வைட்டமின் ஈ, தீவனம் காயும்போது பெருமளவு அழிந்துவிடுகிறது. இவ்விழப்பின் பொருளை உணர, அச்சத்தின் பெயர் வரலாற்றையும் அறிய வேண்டும்.

1922இல் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்சும் கேத்தரின் பிஷப்பும் எலிகளுக்கு வரையறுத்த உணவளித்தனர். எலிகள் வளர்ந்தன, கருவுற்றன, ஆனால் கருக்கள் கருப்பையிலேயே மடிந்தன. கீரையும் கோதுமை முளைக்கருவும் அக்குறையைத் தீர்த்தன. 1936இல் அச்சத்து தனித்துப் பிரிக்கப்பட்டபோது, கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் கால்ஹூன் அதற்குப் பெயர் தந்தார்: ‘டோகோஸ்’ என்றால் மகப்பேறு, ‘ஃபெரெய்ன்’ என்றால் தாங்குதல், ஆல்ககால் வகையைச் சுட்டும் ‘ஆல்’ விகுதியும் சேர, ‘டோகோஃபெரால்’ பிறந்தது.

ஆயினும் அதன் பணி மகப்பேற்றோடு முடிவதன்று. 1931லேயே கோட்ஷ், பாப்பன்ஹைமர் ஆகியோர் குறையுணவு உண்ட முயல்களின் தசைகள் நலிவதைக் கண்டிருந்தனர். அந்நலிவுக்கு இச்சத்தின் குறைவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கொழுப்பு காறிப்போவதை இச்சத்து தடுப்பதை 1937இல் ஆல்காட்டும் எமர்சனும் காட்டினர்.

உரோமத்துக்காக மிங்க் வளர்த்த அமெரிக்கப் பண்ணைகள் 1940களில் இதைப் பட்டறிந்தன. கொழுப்பு மிகுந்த மீன்கழிவை உண்டு விரைவாக வளர்ந்த குட்டிகள் திடீரென இறந்தன. அறுத்துப் பார்த்தால் உடற்கொழுப்பு மஞ்சளாக இருந்தது. மீனெண்ணெயின் நிறைவுறாக் கொழுப்புகள் உடலினுள் ஆக்சிசனேற்றம் அடைய, இருந்த வைட்டமின் ஈ செலவாகித் தீர்ந்திருந்தது. புதிய தீவனமும் கூடுதல் வைட்டமினும் நோயைத் தடுத்தன.

இந்தியாவில் மிங்க் பண்ணைத் தொழில் இல்லை. அதன் தோல் இறக்குமதியும் 2017இல் தடைசெய்யப்பட்டது. உரோமத்துக்கெனத் தோற்றுவிக்கப்பட்ட சோவியத் சின்சில்லா முயலினம் கொடைக்கானலை அடுத்த மன்னவனூர் ஆய்வு மையத்தில் வளர்க்கப்படுகிறது. 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்வி நடைபெறும் திருப்பதியின் மாணவருக்கும் இவ்வரலாறு அயலானதன்று. சினை பிடிக்காதபோது மட்டும் வைட்டமின் ஈயை நினைப்பது, பெயரை மட்டும் படிப்பதாகும். கன்றின் கால் தளரும்போதும், பிண்ணாக்கில் காறல் வாடை எழும்போதும் அதே சத்தை நினைக்க வேண்டும்.