டெலோமியர் ஆர்என்ஏ: நான்காக மடிவது ஏன்? புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குரோமோசோம்களின் முனைகளைக் காப்பவை டெலோமியர்கள். சும்மா கிடக்கும் பகுதி என்றே நெடுநாள் நினைத்தார்கள். 2007-ல்தான் அங்கிருந்தும் 'டெர்ரா' என்ற ஆர்என்ஏ உருவாவது தெரியவந்தது.

இதில் யுயுஏஜிஜிஜி என்ற ஆறு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அந்த 'ஜி', அதாவது குவானின்தான் விஷயமே. நான்கு குவானின்கள் கைகோத்து ஒரு சதுரத் தட்டாகும். தட்டுகள் இட்லித் தட்டு மாதிரி அடுக்கடுக்காக நிற்க, நடுவே பொட்டாசியம் அயனி உட்கார்ந்து இறுக்கிப் பிடிக்கும். இதன் பெயர் ஜி-குவாட்ருப்ளெக்ஸ். டெலோமியர் டிஎன்ஏ பல விதமாக மடியும். டெர்ராவோ இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும் வடிவத்தையே விடாமல் பிடித்துக்கொள்கிறது.

சரி, இதனால் என்ன? பெரும்பாலான புற்றுநோய் செல்கள் டெலோமரேஸ் என்சைமால் டெலோமியரை நீட்டிக்கொண்டே பெருகுகின்றன. சோதனைக்குழாயில் டெர்ரா அந்த என்சைமைத் தடுக்கிறது. ஆனால் மருந்தாக்குவது லேசில்லை. இந்த மடிப்பைப் பிடிக்கும் மூலக்கூறு, செல்லில் வேறு இடங்களில் உள்ள இதேபோன்ற மடிப்புகளையும் பிடித்துவிடலாம்.