சட்டாம்பிள்ளையும் அக்காவும்: எழும்பூரிலிருந்து கோலா கங்சார்வரை மாணவியர் தலைமையின் தடம்

பள்ளிக்கூடத்தில் மூத்த பிள்ளையிடம் இளைய பிள்ளைகளை ஒப்படைக்கும் வழக்கம் யாருக்குச் சொந்தம்? இங்கிலாந்துக்கா, நமக்கா? இந்தப் பூசல் இருநூறு ஆண்டுகளாக ஓயவில்லை. இங்கிலாந்துப் பொதுப்பள்ளிகள் தந்த கொடை என்பது ஒரு கட்சி. நம் திண்ணைப் பள்ளியிலிருந்து அவர்கள் எடுத்துச் சென்றது என்பது மறுகட்சி. இரண்டாவது கட்சிக்கு இன்றளவும் பெரிய ஆதாரமாக நிற்பது தரம்பால் 1983இல் வெளியிட்ட ‘அழகிய மரம்’. மலேசியாவின் பேராக் மாநிலப் பெண்கள் பள்ளிகளில் மாணவியர் தலைமை எப்படி வேரூன்றியது என்று தேடப் புகுந்தால் அந்த நூலைத் தாண்டாமல் போக முடியாது. தாண்டும்போது அதனோடு முரண்படாமலும் இருக்க முடியாது.

தரம்பாலுக்கு நாம் பட்ட கடன் பெரிது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்டு வாங்கிய மாவட்ட அறிக்கைகளை ஆவணக் கட்டுகளிலிருந்து எடுத்து அச்சேற்றியவர் அவர். அவற்றுள் பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் எழுதியது புகழ்பெற்றது. முன்னேறிய மாணவர்களைக் கொண்டு பின்தங்கியவர்களுக்குக் கற்பிக்கும் நாட்டுப் பள்ளி முறையைக் கேம்பெல் அதில் மனமாரப் பாராட்டுகிறார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்கிறார். அலெக்சாண்டர் வாக்கரின் மலபார்க் குறிப்பையும் தரம்பால் இதனோடு சேர்த்துக் காட்டுகிறார். ஆண்ட்ரூ பெல் உலகுக்கு அளித்ததாகச் சொல்லப்படும் ‘மதராஸ் முறை’, மூத்த மாணவன் பாடம் சொல்லும் நம் சட்டாம்பிள்ளை முறையின் நகலே என்பது இவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவு.

வழக்கம் இங்கே இருந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இத்தாலியப் பயணி பியத்ரோ டெல்லா வாலே 1623இல், கோயில் முகப்பில் சிறுவர் நால்வர் மணலில் எழுதி, பாடி, ஒருவர்க்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். திண்ணைப் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த செந்தில் பாபுவின் நூலிலும் சட்டாம்பிள்ளைக்கு இடமுண்டு. என் கேள்வி வேறு. வழக்கம் இருந்தது ஒன்று, அதைப் பெல் எடுத்தாண்டார் என்பது மற்றொன்று. முன்னதற்குச் சான்று வலுவானது. பின்னதற்குத் தரம்பால் காட்டும் சான்றோ பிந்தியது. கேம்பெல் எழுதியபோது பெல்லின் நூல் வெளிவந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. பெல், அதே முறைக்கு உரிமை கோரிய ஜோசப் லங்காஸ்டர் இருவரில் யார் முந்தியவர் என்று இங்கிலாந்தில் நடந்த சண்டை அதிகாரிகள் அறிந்த செய்தி. அந்தச் சண்டையைக் கேள்விப்பட்ட ஒருவர் பெல்லாரித் திண்ணையைப் பார்த்தால், ‘அட, இது இங்கிருந்துதான் போயிருக்கிறது’ என்று நினைப்பது இயல்பு. அது கேம்பெலின் ஊகம். ஊகத்தைச் சாட்சியமாக்கியதுதான் தரம்பாலின் பிழை.

பெல் தாமே சொல்வதைப் பார்ப்போம். அவர் 1789 முதல் 1796 வரை எழும்பூர்க் கோட்டையில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்தை நடத்தினார். இன்றைய எழும்பூர் ரயில் நிலையம் எழுந்தது அந்தக் கோட்டை இருந்த பகுதியில்தான். குதிரைச் சவாரி போகையில் ஒரு ‘மலபார்ப் பள்ளி’யைப் பார்த்ததும் மணலில் எழுத்துக் கற்பிக்கும் எண்ணத்தைக் கைக்கொண்டதாக எழுதுகிறார். அக்காலச் சென்னை ஆங்கிலத்தில் மலபார் என்றால் பெரும்பாலும் தமிழ்தான் என்பதால், அது தமிழ்த் திண்ணையாகவே இருக்க வேண்டும். மணல் முறையைக் கடைசி வகுப்பில் புகுத்தச் சொன்னபோது அங்கிருந்த உதவி ஆசிரியர் முடியாது என்றார். அதன் பிறகே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனை அந்த வகுப்புக்கு ஆசிரியனாக உட்கார வைத்தார் பெல். குதிரைச் சவாரியில் மணலைக் கண்டது எந்த ஆண்டு என்பதைப் பெல் பதிந்து வைக்கவில்லை. கவிஞர் ராபர்ட் சௌதி எழுதத் தொடங்கி அவர் மகன் முடித்து 1844இல் வந்த வாழ்க்கை வரலாறும் அதை ஐயமின்றித் தீர்த்துவைக்கவில்லை. நான் 1790ஐ ஒட்டிய ஆண்டுகள் என்றே கொள்கிறேன். அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசை தெளிவாகவே இருக்கிறது. திண்ணையிலிருந்து வந்தது மணல். பிள்ளையின் தலைமை பிறந்ததோ, பெரியவர் ஒருவர் மறுத்த இடத்தில்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெல்லின் நினைவாக 1838இல் பொறித்த கல்வெட்டு இந்த வரிசையையே அழித்துவிடுகிறது. மதராஸ் கல்விமுறையை நிறுவியவர், ஒருவர்க்கொருவர் கற்பிக்கும் திட்டத்தைக் கண்டுபிடித்து வெற்றியாக நடத்திக் காட்டியவர் என்கிறது அந்தக் கல். ஆற்றலைப் பெருக்குதல், வேலையைப் பகிர்தல் என்று ஆலைத்தொழிலின் சொற்களையும் அவர்மேல் ஏற்றுகிறது. பிரிட்டிஷ் பேரரசில் ஏழைப் பிள்ளைகளுக்கு இதுவே தேசியக் கல்விமுறை ஆயிற்று என்று முடிக்கிறது. மணல் இல்லை, தமிழ்ப் பள்ளி இல்லை, பிரிஸ்கனும் இல்லை. தரம்பாலின் சினம் இந்தக் கல்லின்மீது என்றால் நானும் அவர் பக்கம்தான். ஆனால் கல்லில் விடுபட்ட வேறொன்றை அவரும் கவனிக்கவில்லை.

அது பெல் நூலின் தலைப்பில் இருக்கிறது. 1797இல் வந்த முதல் பதிப்பின் முகப்பில் ‘மதராஸ் ஆண் பிள்ளைகள் காப்பகத்தில் செய்த கல்விச் சோதனை’ என்ற பொருளில் தலைப்பு. ஆசிரியரோ பெற்றோரோ மேற்பார்த்தால் போதும், ஒரு பள்ளியோ ஒரு குடும்பமோ தனக்குத் தானே கற்பித்துக்கொள்ள வழிசொல்வது என்பது அதன் கீழே வரும் விளக்கம். 1807 பதிப்பின் முகப்பில் காப்பகம் மறைந்து ‘மதராஸ் அருகே எழும்பூரில் செய்த சோதனை’ ஆகிறது. விளக்கத்தில் பள்ளிச் செலவைக் குறைப்பதும் ஆசிரியர் உழைப்பைச் சுருக்குவதும் வந்து உட்கார்கின்றன. 1808இல் முதன்மைத் தலைப்பு ‘மதராஸ் பள்ளி’. பதினோரு ஆண்டுகளில் தலைப்பின் முன்னிடத்திலிருந்து இரண்டு உதிர்ந்துவிட்டன: ஆண் பிள்ளைகள் என்ற வரம்பு, குடும்பம் என்ற இடம்.

முதல் உதிர்வின் விளைவு வெளிப்படை. ஆண் பிள்ளைகளிடம் மட்டும் செய்து பார்த்த ஒன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான முறையாகப் பெயர் பெற்றது. இரண்டாவதுதான் என்னை நெடுநாள் நிறுத்திவைத்தது. வீட்டுக்குள் பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது என்றால் யார் யாருக்கு? அக்கா தம்பிக்கு, அக்கா தங்கைக்கு. பெல் பெண்பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் குடும்பம் என்று எழுதினார் என நிறுவ இந்தத் தலைப்பு ஒன்று போதாது; அறிவேன். ஆயினும், மூத்தவள் இளையவர்களைப் பார்த்துக்கொள்வதே வழக்கமான வீட்டை முதல் தலைப்பு கணக்கில் எடுத்தது, பின்னவை தள்ளிவிட்டன. மாணவத் தலைமையின் வரலாற்றில் பெண்பிள்ளைக்கு இருந்த ஒரே கதவு அங்கே சாத்தப்பட்டது என்று வாதிடுவேன். சான்று மெலிந்த இடம் இது என்பதாலேயே இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையில் பெண் அநாதைகளுக்கான காப்பகம் முன்பே இருந்தது. ஆளுநர் ஆர்ச்சிபால்ட் கேம்பெலின் மனைவி முன்னின்று 1787இல் நிறுவியது அது. ஆண்கள் காப்பகத்துக்குத் திட்டம் எழுந்ததைத் தொடக்கமாகக் கொள்வதா, 1789இல் அது நடக்கத் தொடங்கியதைக் கொள்வதா என்பதைப் பொறுத்து இடைவெளி கூடும், குறையும். எப்படிக் கணக்கிட்டாலும் பெண்கள் காப்பகம் பிந்தியதில்லை. சோதனைக்குத் தெரிவானதும் புகழ் பெற்றதும் மற்றதுதான்.

இனிப் பெல்லாரி கலெக்டர் கேம்பெலுக்குத் திரும்புவோம். தரம்பால் பெரிதும் நம்பும் அதே பெல்லாரி அறிக்கை 533 பள்ளிகளையும் 6,641 மாணவர்களையும் கணக்கிடுகிறது. அவர்களில் பெண்கள் 60 பேர். மன்றோ 1826இல் தொகுத்த மாகாணக் கணக்கில் 1,88,650 பேரில் பெண்கள் 4,540. மலபாரின் முஸ்லிம் பிள்ளைகளில் ஆண்கள் 3,196, பெண்கள் 1,122 என்பது விதிவிலக்கு; அதைத் தரம்பால் சரியாகவே சுட்டுகிறார். மற்றப் பெண்பிள்ளைகள் வீட்டில் கற்றார்கள் என்று சமாதானம் சொல்லி நகர்ந்துவிடுகிறார். வீட்டில் கற்றிருக்கலாம். அப்படியானால் அவர் போற்றும் சட்டாம்பிள்ளை முறைக்கு வெளியேதான் கற்றார்கள். பிரம்பைப் பிடித்துத் திண்ணையை ஆண்ட பதவி ஒருநாளும் அவர்கள் கைக்கு வந்ததில்லை. அவர் நட்ட மரத்தில் மாணவியர் தலைமைக்குக் கிளை கிடையாது.

கிளை விட்டது வேறிடத்தில். அமெரிக்க மிஷன் சார்பில் ஹாரியட் வின்ஸ்லோ யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் பெண்கள் விடுதிப்பள்ளி தொடங்கினார். 1840இல் வந்த எலிசா ஆக்னியூ நாற்பது ஆண்டுகள் அங்கே உழைத்தார், தாயகம் திரும்பவேயில்லை. விடுதி என்பது இரவும் பகலும் சேர்ந்து வாழும் இடம். மூத்த மாணவி சின்னவளுக்கு அக்காவாவது அங்கே விதியால் வந்ததன்று, வாழ்க்கையால் வந்தது. படித்து முடித்த பெண்கள் பலர் மிஷன் பள்ளிகளில் ஆசிரியைகளானார்கள். பெண்பிள்ளைக்குத் தலைமை என்பது முதலில் கற்பிக்கும் பொறுப்பாக வந்தது, ஆளும் அதிகாரமாக வரவில்லை என்று நான் சொல்வதற்கு உடுவிலே முதற்சான்று.

அதிகாரம் வந்த வழி வேறு. ரக்பி பள்ளியில் தாமஸ் ஆர்னல்ட் 1828க்குப் பின் வகுத்த ஏற்பாட்டில் மூத்த மாணவன் பாடம் சொல்வதில்லை; ஒழுங்கைக் காக்கிறான், தண்டிக்கிறான். பாடம் சொல்லும் மானிட்டர் வேறு, ஒழுங்கு காக்கும் பிரிபெக்ட் வேறு. பேராக்கின் கோலா கங்சாருக்கு வந்தது இரண்டாமவன். 1905இல் அங்கே தொடங்கிய மலாய்க் கல்லூரி ஆங்கிலப் பொதுப்பள்ளியைப் பார்த்து வார்க்கப்பட்டது. பினாங்கு பிரீ ஸ்கூலின் தலைமையாசிரியராக இருந்த வில்லியம் ஹார்கிரீவ்ஸ் அதன் முதல் தலைமையாசிரியர். நாளைக்கு மாவட்டத்தை ஆளப்போகிறவர்கள் என்று கருதியே பிள்ளைகளை அங்கே பழக்கினார்கள். மலாய்ப் பெண்களுக்கு அதற்கு நிகரான கல்லூரி வர 1947 ஆயிற்று, அதுவும் கோலாலம்பூரில். இடைப்பட்ட நாற்பத்திரண்டு ஆண்டுகளில் பேராக்கில் பெண்பிள்ளைகளுக்குத் தலைமை பழகக் கிடைத்தவை தைப்பிங், ஈப்போ நகரங்களின் மிஷன், கான்வெண்ட் பள்ளிகள் போன்றவையே.

தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அவையும் எட்டவில்லை; அவர்கள் இருந்தது ரப்பர்த் தோட்டங்களில். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ 1877இல் கோலா கங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் அந்த வட்டாரமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. ஏழு முதல் பதினான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். தோட்டப்பள்ளி என்றால் பெரும்பாலும் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், பல வகுப்பு. வாத்தியார் மேல்வகுப்புக்குக் கணக்குப் போடும்போது கீழ்வகுப்புப் பிள்ளைகளை எழுத்துக்கூட்ட வைத்தது ஒரு மூத்த பிள்ளை. இந்தப் பிள்ளை ஆர்னல்டின் வாரிசு அன்று. பிரிஸ்கனின் வாரிசு, திண்ணையின் வாரிசு. ஆனால் பெண்பிள்ளை அந்த வயதை எட்டும்போது அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டப் போயிருப்பார்கள். தம்பி தங்கைகளைப் பார்க்க அவள் லயத்து வீட்டில் நின்றுவிடுவாள். பெல்லின் முதல் தலைப்பிலிருந்து உதிர்ந்த குடும்பம் அவள் தோளில்தான் இருந்தது. பள்ளிக்குள் தலைவியாக வேண்டியவளை வீட்டுக்குள் அதே பொறுப்பு இழுத்துக்கொண்டது.

பட்டணத்துப் பள்ளியும் தோட்டமும் ஒரே அணியில் நின்ற ஒரு தருணம் உண்டு. சிங்கப்பூரில் 1943 ஜூலையில் இந்தியத் தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படை அமைக்கப்பட்டது. அக்டோபரில் பயிற்சி முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும் பகுதியினர் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த பெண்கள். பதவி கொடுத்தது கல்வியைப் பார்த்து. படித்தவள் அணியை நடத்தினாள், படிக்காதவள் அணியில் நின்றாள். இதைக் கொண்டு ஆங்கிலப் பள்ளிதான் தலைவியரை உருவாக்கியது என்பார் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கல்வி பதவிப் பட்டையை வாங்கிக்கொடுத்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. யாருக்கு நடத்தத் தெரிந்திருந்தது என்பதை அந்த ஏற்பாடு சோதித்துப் பார்க்கவே இல்லை.

ஈப்போவிலிருந்து அக்காவோடு பதினாறு வயதில் படையில் சேர்ந்த ராசம்மா நவரத்தினம், பின்னாளில் ராசம்மா பூபாலன், போருக்குப் பின் தேர்ந்தது ஆசிரியத் தொழில். 1960இல் மலாயாப் பெண் ஆசிரியர் சங்கத்தின் நிறுவனத் தலைவியாகிச் சமவேலைக்குச் சமஊதியம் கேட்டுப் போராடினார். 1969 முதல் 1982 வரை கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியர். படையில் பெற்ற பதவி ஆளும் வழியில் வந்தது. ஆயுள் முழுதும் நிலைத்த தலைமை கற்பிக்கும் வழியில் வந்தது. ஒருவர் வாழ்வை வைத்து ஒரு மாநிலத்தின் வரலாற்றை முடித்துவிட முடியாதுதான். உடுவிலோடும் தோட்டப்பள்ளியோடும் சேர்த்துப் பார்த்தால் தடம் ஒரே திசையில்தான் போகிறது.

தோட்டப்பள்ளிப் பக்கம் இந்தத் தடத்தை உறுதிப்படுத்த வேண்டியவை வருகைப் பதிவேடுகளும் வகுப்புப் படங்களும். தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, பள்ளிகள் இடம் மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதாம். கோலா கங்சார், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அம்மாவோ பாட்டியோ படித்த பள்ளியின் பழைய இதழ், படம், சான்றிதழ் எதுவாயினும் வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை எறிந்துவிட வேண்டாம். படத்தின் பின்புறத்தில் பெயர்களையும் ஆண்டையும் எழுதி, அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியிலாவது நூலகத்திலாவது ஒரு படியை ஒப்படையுங்கள்.