திருநர்

திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் புதியவை. ஆனால் அவற்றின் உறுப்புகள் பழையவை. நங்கை சிறந்த பெண், நம்பி சிறந்த ஆண். ‘திரு’ மதிப்பைச் சேர்க்கிறது. இருவரையும் பொதுவாகக் குறிக்க வந்ததே திருநர்.

முன்பிருந்த சொற்கள் பேடி, பேடு. சிலப்பதிகாரத்தில் காமன் ஆடியதாகச் சொல்லப்படும் பேடிக்கூத்து பதினொரு ஆடல்களில் ஒன்று. திருக்குறளிலோ பேடியின் கை வாள் வீரத்துக்கு உதவாதது. அந்த இகழ்ச்சி பின்னர் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. இன்று அது வசை மட்டுமே.

இலக்கணத்தார் பேடு என்பதைச் சற்று நிதானமாகவே அணுகினார்கள். நன்னூலின் கணக்கில் பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவது பெண்பால். விருப்பத்தை வைத்துப் பால் சொன்ன இந்த விதி வியப்பளிக்கிறது. எனினும், தனி விகுதி ஒன்றை அவர்கள் தரவில்லை.

கூவாகம் விழாவில் கணவனாக ஏற்கப்படும் அரவானை ஒட்டி வழங்கிய ‘அரவாணி’ என்ற சொல்லை, புராணக் கணவனின் பெயரால் அறியப்பட விரும்பாத பலர் விட்டுவிட்டார்கள். ‘மூன்றாம் பாலினம்’ 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பெரிதும் பரவியது. அதில்தான் சிக்கல். முதலாவது யார், இரண்டாவது யார் என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் பெண்களே, தனிப் பெட்டி வேண்டாம் என்கிறார்கள் திருநங்கையர் சிலர். ஆணுமல்ல, பெண்ணுமல்ல என்று தம்மை உணர்பவர்களுக்கோ நங்கை, நம்பி இரண்டுமே பொருந்துவதில்லை. அவர்களைப் பற்றி எழுதும்போது ‘அவர்’ என்பதே கைகொடுக்கிறது. மரியாதைப் பன்மையில் பால் தெரியாது.