இழுவைத் திறன் (பிக்கப் டிரக்)

இழுவைத் திறன் என்பது ஒரு பிக்கப் டிரக் பாதுகாப்பாக இழுக்கக்கூடிய டிரெய்லரின் உச்ச எடையாகும். ஐக்கிய அமெரிக்காவில் விசைப்படகுகளை ஏரிகளுக்குக் கொண்டுசெல்ல இவ்வண்டிகள் பெரிதும் பயன்படுகின்றன.

இத்திறன் குதிரைத்திறனை மட்டும் சார்ந்ததன்று. குறைந்த சுழல்வேகத்தில் கிடைக்கும் முறுக்குவிசை, பற்சக்கர விகிதம், அடிச்சட்டத்தின் வலிமை, பிரேக், குளிர்விப்பு ஆகியனவும் இதனைத் தீர்மானிக்கின்றன. முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கணித்ததால், விளம்பர எண்களை ஒப்பிட இயலவில்லை. 2008 இல் எஸ்ஏஈ அமைப்பு ஜே2807 என்னும் பொதுத் தரத்தை வெளியிட்டது. டொயோட்டா 2011 மாதிரிகளில் இதனை ஏற்றது. ஏனைய பெருநிறுவனங்கள் சில ஆண்டுகள் தாமதித்தன. அரிசோனாவின் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள 18 கிலோமீட்டர் நீள மலையேற்றமே இதன் முக்கியச் சோதனைக்கு அடிப்படை. முழுச்சுமையுடன், குளிர்சாதனம் இயங்கும் நிலையில், வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையலாகாது (இரட்டைப் பின்சக்கர வண்டிகளுக்குச் சற்றுத் தளர்வுண்டு).

'''படகின் எடை'''

விற்பனை ஏட்டிலுள்ள எடை பெரும்பாலும் வெறும் படகினுடையது. அதனுடன் டிரெய்லர், எரிபொருள், சாமான்கள், சில வேளைகளில் மோட்டாரின் எடையையும் கூட்டவேண்டும். 200 லிட்டர் பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 150 கிலோகிராம் இருக்கும்.

டிரெய்லரின் முன்முனை இணைப்பின்மீது அழுத்தும் எடை, டிரக்கின் சுமைகொள்ளளவில் கழியும். பயணிகளும் அதே கணக்கில் அடங்குவர். எனவே இழுவை வரம்புக்கு முன்பே சுமை வரம்பு மீறப்படுவதுண்டு; வாங்குவோர் பலர் கவனியாது விடுவது இதையே.

'''இறங்குதளம்'''

பாசி படிந்த சரிவில் படகை மேலேற்றும்போது எடை பின்சக்கரங்களுக்கு மாறுவதால், முன்சக்கர இயக்க வண்டிகள் எளிதில் வழுக்கும். தாழ்வேகப் பல்லிணையுடைய நான்குசக்கர இயக்கம் இங்கு மிகவும் உதவும்.