மூலவோலை எங்கே?

சைவப் பிள்ளைகள் யாவரும் கேட்டு வளர்ந்த கதையொன்றுண்டு. மணப்பந்தரிலே வீற்றிருந்த நம்பியாரூரரை நோக்கி, முதியவரொருவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று வழக்குரைத்தார். அவர் காட்டிய ஓலையை நம்பி பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவரோ சிறிதும் கலங்கவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்றார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையோர் அம்மூலத்தைப் பார்த்து, நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். பக்திக் கதையென்று கேட்டு மகிழும் நாம், மூலம், படி, காப்பு, சரிபார்த்தல் என்னும் ஆவண முறை முழுவதும் அதில் அடங்கியிருப்பதைக் கவனிப்பதில்லை.

ஆவணத்தின் அருமையை நமது மாத்தளை மாவட்டமும் அறியும். வாய்மொழியாக வந்த பௌத்த திரிபிடகம் வட்டகாமணி அபயன் காலத்திலே ஏட்டில் எழுதப்பெற்றது மாத்தளையை அடுத்த அலுவிகாரையிலே என்பது மரபு. ஒல்லாந்தர் தோம்பு எழுதினர். கண்டி அரசினர் காணிக் கணக்குக்கு லேகம் மிட்டிகளை வைத்திருந்தனர். ஆங்கிலேயர் 1802ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் தேதி அரசாங்க வர்த்தமானியைத் தொடங்கினர். பிறப்பு, இறப்புகளை நாடெங்கும் அரசாங்கமே பதியும் முறை 1867இல் வந்தது.

அதே நூற்றாண்டிலே நம்மவர் பல்லாயிரவர் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பலர். அவர்களுடைய பெயர்களை முழுமையாகக் கூறும் ஏடு எதுவுமில்லை. பிழைத்து வந்தவர்களுக்குக் கிடைத்த பத்திரமோ 'துண்டு'. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர் ஆளை அழைத்துச் செல்லலாம் என்பதே அதன் கருத்து. பின்பு, சேரவேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் அணிவித்து அனுப்பினர். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை நம் முன்னோரைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அவர்கள் பிறருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்பதைச் சொன்னவையே. அவர்களுக்கு உரியது என்ன என்பதைச் சொன்னவை மிகச் சில.

இதன் விளைவு 1948இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இங்கு பிறந்தவரும் தம் தந்தையார் இங்கே பிறந்தவரென்றோ, தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்தவரென்றோ காட்ட வேண்டியிருந்தது. லயக் காம்பிராவிலே பிறந்த தந்தைக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வேறொரு வழி திறந்தது. மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1ஆந் தேதிக்கு முன் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றவர் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலுக்குள் வாக்காளர் இடாப்பிலிருந்து பெரும்பாலும் மறைந்தனர். இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கும்படி கோடாகன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது.

எங்கள் வீட்டுக் கதையும் இதுவே. இன்று நாங்கள் பல்லேபொலவிலே வசிக்கிறோம். என் பூட்டனாரோ மாத்தளை மலைத் தோட்டமொன்றிலே வேலை செய்தவர். அவரும் விண்ணப்பித்தார். சில காலத்தின் பின் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. குடியிருப்புக்கு மேலும் ஆதாரம் வேண்டும், இத்தனை நாளுக்குள் அனுப்புக என்பது அதன் பொருள். அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி முடிவதற்குள் தவணை கடந்துவிட்டது. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அந்தக் கடிதத்தை அவர் தகரப் பெட்டியிலே வைத்திருந்தார். இன்றும் அது எங்களிடம் இருக்கிறது.

நான் பாதிரிமார் நிறுவிய பாடசாலையிற் படித்தவன். உயர்தர வகுப்பிலிருந்தபோது, பழைய அலுமாரியைத் துப்புரவு செய்கையில் சேர்விடாப்பொன்று கைக்கு வந்தது. அதிலே, 1938ஆம் ஆண்டின் பக்கத்தில், என் பாட்டனாரின் தமக்கை பெயரும், தந்தையென்று பூட்டனார் பெயரும், தோட்டத்தின் பெயரும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. என் கை நடுங்கியது. அந்தப் பக்கமொன்றே வழக்கை வென்றிருக்கும் என்று நான் துணிந்து கூறேன். ஆயினும் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்டுப் பெறலாம் என்பதை அவருக்கு ஒருவராவது சொல்லியிருக்கலாமே! மூலவோலை இருந்தது; கேட்கத் தெரிந்தவர் இல்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை எங்கள் குடும்பம் நாடற்ற குடும்பமாகவே இருந்தது. எத்தனையோ குடும்பங்கள் 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறின. எஞ்சியவர்களின் துயர் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வேண்டியிருந்தது.

இன்று நிலைமை வேறு. பிறப்பு, விவாகம், இறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்திலே விண்ணப்பித்துப் பெறலாம். பதிவிலக்கம் தெரியாவிடின், கட்டணம் செலுத்தி இடாப்பைத் தேடித்தரும்படி கேட்கலாம். வர்த்தமானி மூன்று மொழிகளிலும் வெள்ளிதோறும் வெளிவருகிறது. அவசரமானவை அதிவிசேட வர்த்தமானியாக வருகின்றன. காணி எடுப்பதும், உத்தியோக வெற்றிடமும், ஆட்சேபனைக்குரிய தவணையும் அதிலே வெளிவருவதுண்டு. அரசாங்கக் காரியாலயங்களில் உள்ள தகவலைக் கேட்கும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அளித்திருக்கிறது. தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது பழமொழி. எழுதியதைத் தேடாமல் அழுதாலும் தீராது. சங்கத்து இளைஞர்களே! நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இன்று பலர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வயோதிபர்களின் தகரப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். வந்த அறிவித்தலைப் படித்துச் சொல்லுங்கள். தவணை நாளைக் குறித்துக் கொடுங்கள். இல்லாத பத்திரத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள். என் பூட்டனார் தேடி அலைந்த அந்த ஓர் ஆள், இனி நம் சங்கத்திலே இருக்கட்டும்.