ஃபிகூட்சா: வேட்டை மாளிகையும் காணாமற்போன ஒருவரும்

பலெர்மோ என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெல்லெகிரீனோ மலை. சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஈழத்தமிழர்கள், சைவர்களும் கத்தோலிக்கர்களுமாக, ஏறிப்போவது இந்நகரின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. நகருக்குத் தெற்கே, நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தொலைவில், இன்னொரு மலை இருக்கிறது. பெயர் ரொக்கா புசாம்பிரா. உயரம் 1,613 மீற்றர். அதன் அடிவாரத்தில் ஃபிகூட்சா என்ற காடும், காட்டின் விளிம்பில் ஓர் அரச மாளிகையும் உள்ளன. தொலைநோக்கியோடு வந்து தங்கி, கழுகையும் முள்ளம்பன்றியையும் தேடி நடக்கிறவர்களின் இடம் அது. பழைய ரயில் நிலையத்தைக்கூட விடுதியாக மாற்றினார்கள்.

அந்த மாளிகையைக் கட்டுவித்தவன் ஒருவகையில் அகதி. 1798 டிசம்பரில் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸை நெருங்கியபோது, அரசன் பெர்டினாண்ட் குடும்பத்தோடு நெல்சனின் கப்பலேறித் தப்பினான். கடும் புயல். அவனுடைய சின்ன மகன் நத்தார் தினத்தன்று கப்பலிலேயே இறந்தான். மறுநாள் பலெர்மோவில் கரையிறங்கினார்கள். நேப்பிள்ஸை விட்டு வந்தவனால் வேட்டையை விட முடியவில்லை. கட்டடக் கலைஞர் மர்வூலியாவைக்கொண்டு அடுத்த சில ஆண்டுகளில் இந்த மாளிகையை எழுப்பினான். முகப்பின் உச்சியில் அரச முத்திரைக்கு இருபுறமும் வேட்டைத் தெய்வங்களான தியானாவும் பானும் நிற்கிறார்கள்.

அரசன் வேட்டையாடுவதற்கென ஒதுக்கிய காடு, மேற்குச் சிசிலியில் எஞ்சியுள்ள பெரிய காடுகளில் ஒன்றாக இன்று நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் அது இயற்கைக் காப்பகமானது. சிசிலியின் ஓநாய்களோ இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே முற்றாக அழிந்துவிட்டன.

ஆனால் இந்த மலையில் மறைந்தது விலங்குகள் மட்டுமல்ல. பக்கத்து ஊரான கொர்லெயோனேயில் பிளாசிதோ ரிட்சொத்தோ என்ற தொழிற்சங்கச் செயலாளர் இருந்தார். போர்க்காலத்தில் பாசிசத்துக்கு எதிராகப் போராடித் திரும்பியவர். தரிசாகக் கிடந்த பெருநிலங்களில் நிலமற்ற உழவர்களை இறக்கினார். 1948 மார்ச் 10 இரவு மாபியா அவரைக் கடத்திக் கொன்றது. உடல் ரொக்கா புசாம்பிராவின் ஆழமான பாறைப்பிளவொன்றில் வீசப்பட்டது. கொலையைக் கண்டதாகச் சொல்லப்படும் ஆட்டிடைச் சிறுவன் ஜுசேப்பே லெத்தீசியா, மாபியாத் தலைவரான மருத்துவரின் பொறுப்பிலிருந்த மருத்துவமனையில் இறந்தான். விசாரித்த இளம் அதிகாரி கார்லோ அல்பெர்தோ தல்லா கியேசாவிடம் இருவர் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தனர், பிறகு மறுத்தனர். முதன்மைக் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட லூச்சானோ லெஜ்ஜோ சாட்சியம் போதாதென்று விடுதலையானான்.

தேடல் நிற்கவில்லை. 2009இல் பாறைப்பிளவொன்றிலிருந்து எலும்புகள் எடுக்கப்பட்டன. எப்போதோ இறந்துபோன தகப்பன் கர்மேலோவின் கல்லறையைத் திறந்து, அவருடைய எலும்போடு மரபணுவை ஒப்பிட்டார்கள். 2012 மார்ச்சில் முடிவு வந்தது: அவரேதான். அதே ஆண்டு மே 24 அன்று கொர்லெயோனேயில் அரச மரியாதையோடு அடக்கம் நடந்தது. நாட்டின் சனாதிபதி வந்திருந்தார். அறுபத்துநான்கு ஆண்டுகள்.

இதை வாசிக்கும்போது எனக்குச் சுண்டிக்குளம் நினைவுக்கு வருகிறது. வன்னியின் வடகிழக்குக் கரையில் உப்பேரியும் கண்டலும் சூழ்ந்த பறவைகளின் ஊர். 1938இல் சரணாலயம், 2015 யூனில் தேசியப் பூங்கா. பூநாரைகள் கூட்டமாக வந்திறங்கும். 2009 சனவரியில் அந்தக் கரையை இராணுவம் கைப்பற்றியது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அங்கே பறவை பார்க்க வருவோருக்கென இராணுவமே ஒரு விடுதியை நடத்தியது. அந்தப் பக்கத்துச் சனங்கள் அந்த மாதங்களில் எந்த வழியாக, யார் யாரைத் தொலைத்துக்கொண்டு போனார்கள் என்பதை விடுதிக்கு வருகிறவர் அறியமாட்டார்.

தொலைத்தவர்கள் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்து கேட்கத் தொடங்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்த தாய் தந்தையர் பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள்.

பறவை பார்ப்பதில் பிழை எதுவும் இல்லை. பலெர்மோவில் பிறந்த நம் பிள்ளைகள் ஃபிகூட்சாவுக்குப் போகட்டும், கழுகைப் பார்க்கட்டும். சுண்டிக்குளத்துக்கும் போகட்டும். ஆனால் ரிட்சொத்தோவின் கதையையும் தெரிந்துகொண்டு போகட்டும். மகனுக்காகக் காத்திருந்த தகப்பன் உயிரோடு அவனை அடக்கம் செய்யவில்லை. மண்ணுக்குள்ளிருந்த அவருடைய எலும்புதான் கடைசியில் மகனை அடையாளம் காட்டியது. நம் தாய்மாரின் இரத்த மாதிரிகளையும் அவர்கள் சொல்லும் பெயர்களையும் இப்போதே ஒழுங்காகச் சேர்த்துவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.