பிள்ளைக்கு முதற்சோறு: 1939இல் மொன்றியலில் ஓர் உரை

இலக்கியக் கூட்டத்தில் பிள்ளைச் சாப்பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள், புறநானூற்றுக்கும் வருவேன்.

1939 ஜூனில் கனடிய மருத்துவச் சங்கத்தின் எழுபதாவது ஆண்டுக் கூட்டம் மொன்றியலில் நடந்தது. குழந்தை மருத்துவப் பிரிவில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க வைத்தியர் ஒரு கட்டுரை வாசித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் அது சங்கத்தின் சஞ்சிகையில் அச்சானது. சில பக்கங்கள்தான். பாலைத் தவிர வேறெதையும் சுவைத்தறியாத பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே தெரிவுசெய்தால் என்ன நடக்கும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

அது எவ்வளவு துணிச்சலான கேள்வி என்பதை அறிய இந்த நகரத்தின் கதையே போதும். 1900 அளவில் மொன்றியலில் பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று ஒரு வயதைக் காணவில்லை. கோடை வந்தால் வயிற்றோட்டம். பெரும்பாலும் கெட்டுப்போன பால்தான் காரணம். 1901இல் 'பால் துளி' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரோடு, தாய்மாருக்கு நல்ல பாலும் ஆலோசனையும் கொடுக்கும் நிலையம் இங்கே தொடங்கியது. பின்னர் அத்தகைய நிலையங்கள் பங்குக் கோயில்களை ஒட்டிப் பரவின. 1907இல் ஜுஸ்ரின் லாகோஸ்ற்-போபியனும் வைத்தியர் இர்மா லெவசரும் முன்னின்று பிள்ளைகளுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். கோட்-டெ-நேஜ் பக்கம் குடியிருந்த நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சென் ஜுஸ்ரின் அதுதான்.

இத்தனை பிள்ளைகளைப் புதைத்த ஊரில் வைத்தியர் சொன்னது சட்டமானதில் வியப்பில்லை. இத்தனை மணிக்கு, இத்தனை அவுன்ஸ், பிள்ளை அழுதாலும் அட்டவணைப்படி. ரொறன்ரோவில் அலன் பிரவுண், ரிஸ்டால், டிரேக் என்ற மூன்று வைத்தியர்கள் கோதுமை, ஓட்ஸ், சோளம், எலும்புத்தூள், ஈஸ்ற் எல்லாம் சேர்த்து உருவாக்கிய 'பாப்லம்' என்ற மா 1934இல் கடைக்கு வந்தது. காய்ச்சத் தேவையில்லை, கரைத்தால் போதும். இலங்கையில் 1970களிலிருந்து தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்த திரிபோஷா உங்களுக்கு நினைவு வரலாம். இரண்டும் பல பிள்ளைகளுக்கு நன்மை செய்தன. ஆனால் இரண்டிலும் தெரிவு பெரியவர்களுடையது.

டேவிஸ் தன் சோதனையை 1926இல் கிளீவ்லண்டில் தொடங்கி, பிறகு சிக்காகோவில் தொடர்ந்தார். ஆறு முதல் பதினொரு மாத வயதில் சேர்ந்த பதினைந்து பிள்ளைகள். வளர்க்க வழியில்லாத தாய்மார் விட்டுச்சென்றவர்கள் அவர்களில் இருந்தார்கள். இன்று எந்த ஒழுக்கநெறிக் குழுவும் இதற்குச் சம்மதிக்காது. சிலர் ஆறு மாதம் இருந்தார்கள், சிலர் நாலரை வருடம்வரை. உணவுப் பட்டியலில் முப்பத்துநான்கு பொருட்கள்: பால், பழங்கள், மரக்கறிகள், தானியங்கள், முட்டை, மீன், இறைச்சி, ஈரல், மூளை, எலும்பு மச்சை. ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனிக் கிண்ணத்தில். உப்புக்கும் தனிக் கிண்ணம்.

தாதி கரண்டியோடு பக்கத்தில் இருப்பாள். ஊட்ட மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள், 'நல்ல பிள்ளை' என்றும் சொல்ல மாட்டாள். பிள்ளை ஒன்றை எட்டினால் அல்லது சுட்டினால் மட்டும் அதில் ஒரு கரண்டி. கையால் அள்ளினால் அதுவும் சரி. முதல் நாட்களில் பிள்ளைகள் தட்டின் விளிம்பையும் கடதாசியையும்கூடக் கடித்துப் பார்த்தன. சில சாப்பாடுகளுக்குப் பிறகு தங்களுக்கு எது வேண்டுமென்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. உப்பை வாயில் வைத்துத் திணறி அழும், ஆனால் துப்பாது, திரும்பவும் கேட்கும். ஒரு பிள்ளையின் காலை உணவு தோடம்பழச் சாறும் ஈரலும். ஒன்றைப்போல் இன்னொன்று சாப்பிடவில்லை. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் நன்றாக வளர்ந்தன. கணவாதத்தோடு வந்த ஒரு பிள்ளைக்கு மீனெண்ணெயும் தட்டில் வைத்தார்கள். நோய் மாறும்வரை அதைத் தானாகக் குடித்தது, பிறகு விட்டுவிட்டது.

இப்போது புறநானூறு. 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி, செல்வம் எவ்வளவு இருந்தாலும் பிள்ளை இல்லாத வாழ்வுக்குப் பயனில்லை என்கிறான். அதற்கு அவன் காட்டும் பிள்ளை, நெய்ச் சோற்றில் கைவிட்டுத் தின்று, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை. வள்ளுவரும் பிள்ளையின் சிறுகை அளாவிய கூழை அமிழ்தத்துக்கு மேலே வைத்தார். பாட்டில் இப்படிக் கொண்டாடிய நாம் வீட்டில் என்ன செய்தோம்? நிலாவைக் காட்டி, காகத்தைக் காட்டி, இன்று கைபேசியைக் காட்டி, 'இன்னும் ஒரு வாய்' என்று தீத்தினோம். பல்லுக்கொழுக்கட்டை அன்று தட்டத்தில் புத்தகம், பேனை, நகை எல்லாம் வைத்து எதை எடுக்கிறான் என்று பார்க்கிறோம். வருங்காலத் தொழிலைத் தெரிவுசெய்ய விடுகிறோம், மத்தியானச் சாப்பாட்டை மட்டும் விடுவதில்லை!

அம்மம்மாக்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பஞ்சத்தையும் இடம்பெயர்வையும் கண்ட கைக்கு, பிள்ளை மறுக்கிற ஒரு வாய் வெறும் ஒரு வாய் அல்ல. மொன்றியலில் பழைய தாய்மாருக்கும் அதே பயந்தான் இருந்தது.

டேவிஸைப் பலர் தவறாக வாசித்தார்கள். 1946இல் வந்த ஸ்பொக்கின் புகழ்பெற்ற பிள்ளை வளர்ப்பு நூலும் இந்தச் சோதனையைப் பரப்பியது. 'பிள்ளைக்குத் தெரியும், விட்டுவிடு' என்ற பேச்சு மட்டும் தங்கிவிட்டது. அவரோ சூட்சுமம் பட்டியலில் இருக்கிறது என்று மொன்றியலிலேயே சொல்லியிருந்தார். அதில் சீனி இல்லை, வெள்ளை மா இல்லை, தகரத்தில் அடைத்தது இல்லை. எதை வைப்பது என்பது பெரியவர் வேலை, எவ்வளவு என்பது பிள்ளையின் வேலை. கியூபெக்கில் பிள்ளை பெறும் குடும்பங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் கைந்நூலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஆறு மாதமளவில் இரும்புச்சத்துள்ள உணவுகளைத் தொடங்குங்கள், பிள்ளை போதும் என்று காட்டினால் நிறுத்துங்கள் என்கிறது. பருப்பு, மீன், முட்டை, ஈரல் எல்லாம் நம் குசினியில் இருப்பவைதானே. வெறும் குழைசோறு மட்டும் போதாது, அவ்வளவுதான்.

டேவிஸ் இன்னொரு சோதனைக்கும் திட்டமிட்டிருந்தார். அதே வயதுப் பிள்ளைகள் முன்னால் பதப்படுத்திய கடை உணவுகளை வைத்துப் பார்ப்பது. பொருளாதார மந்தம் அந்த எண்ணத்தை முடித்துவிட்டது என்று அந்த உரையிலேயே சொன்னார். அது நடக்கவேயில்லை.

இத்துடன் நிறுத்துகிறேன். இணைப்பில் அம்மம்மாக்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்கள் பேசட்டும்.